மங்கிய வெளிச்சத்தில் முன்னே வரும் நீலம்

அன்புள்ள கயல்விழிக்கு,

கறுப்புத் திரையில் சிவப்பு எழுத்தையும் நீல எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். பெரும்பாலோருக்குச் சிவப்பு முன்னே மிதக்கும், நீலம் உள்ளே அமிழும். சூடான நிறம் நெருங்கும், குளிர்ந்த நிறம் விலகும் என்ற ஓவியப் பாடத்தை இதற்கு விளக்கமாகச் சொல்வார்கள். அது போதாது என்பேன். இந்த ஆழம் நிறத்தின் குணமன்று. கண்பாவையின் எந்தப் பகுதி வழியாக ஒளி நுழைகிறது என்பதைப் பொறுத்தது. கண் நீல ஒளியைச் சிவப்பைவிட அதிகமாக வளைக்கிறது. நாம் உற்றுப் பார்க்கும் கோடோ கண்ணின் அச்சிலிருந்து ஏறத்தாழ 5 பாகை விலகியிருக்கிறது. ஆகவே இரு நிறங்களும் விழித்திரையில் சற்றே தள்ளித் தள்ளி விழுகின்றன. அந்த விலகல் இரு கண்களிலும் எதிரெதிர்த் திசையில் அமைவதால், மூளை அதைத் தொலைவாக எடுத்துக்கொள்கிறது. பின்னாளில் இதய மின்வரைவுக்காக நோபல் பரிசு பெற்ற வில்லெம் எய்ந்தோவன், பாவையின் ஒரு பாதியை மறைத்தால் இந்த வரிசை புரளும் என்று 1885இலேயே காட்டினார். பழகிய பாடம்தான் காரணம் என்றால், ஓர் அட்டைத் துண்டு அதைப் புரட்டிவிடுமா?

சுற்றுப்புற வெளிச்சத்தின் பங்கு வருவது இங்கேதான். வெயிலில் 2 மி.மீ. அளவுக்குச் சுருங்கும் பாவை, இருளில் இளையோருக்கு 7, 8 மி.மீ. வரை விரியும். விரியும்போது அதன் மையமும் சிறிது நகரும். எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் வேறு. இன்னொன்றும் உண்டு. பாவையின் ஓரமாக வரும் ஒளி, நிறம் காணும் கூம்பு செல்களைக் குறைவாகவே தூண்டும் என்று 1933இல் ஸ்டைல்ஸும் க்ராஃபோர்டும் கண்டறிந்தார்கள். அச்செல்கள் ஒளியை மிக நன்றாக ஏற்கும் இடம் பலருக்குப் பாவையின் நடுவிலிருந்து மூக்குப் பக்கம் தள்ளியிருக்கிறது. சுருங்கிய பாவையில் இது பெரிதல்ல. விரிந்த பாவையில், உள்ளே வரும் ஒளியின் பலன் முழுவதும் மூக்குப் பக்கம் சாய்ந்துவிடும். அப்போது சிவப்பின் முன்னிலை குறையும், சிலருக்கு நீலமே முன்னே வந்துவிடும். டச்சு ஆய்வாளர் ஃபோஸ் 1960இல் இந்த வழியில்தான் விளக்கம் தேடினார்.

மங்கலில் நீலம் சிவப்பைவிட வெளிச்சமாகத் தெரியும், வெளிச்சமானது அருகில் தோன்றும், அவ்வளவுதானே என்று நீ கேட்கலாம். புர்க்கின்யே கவனித்த அந்த மாற்றம் உண்மையே. ஆனால் அதுதான் காரணமென்றால் ஒற்றைக் கண்ணுக்கும் இதே ஆழம் தெரிய வேண்டுமே! ஒரு கண்ணை மூடினால் இந்த மிதப்பு பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அறையின் ஒளியை மாற்றாமலே சோதிக்கவும் வழியுண்டு. இரண்டு அட்டைகளால் இரு பாவைகளின் மூக்குப் பக்கப் பாதியையும் மறைத்துப் பார். சிவப்பு இன்னும் முன்னே வரும். பிறகு காதுப் பக்கப் பாதிகளை மறை; நீலம் முன்னேறும். விளக்கைத் தணித்து இதைச் செய்வது எளிது, பாவை அகன்றிருக்கும். ஆனால் நிறமே தெரியாத அளவுக்கு இருட்டாக்கிவிடாதே. அங்கே நிறம் பிரித்தறியாத குச்சி செல்கள் மட்டுமே வேலை செய்யும், ஒப்பிட இரண்டு நிறங்கள் இருக்காது.

அன்புடன்,
உன் மாமா