டயலில் ஒரு பெயர், உள்ளே ஒரு மிஷின்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பௌர்ணமி இரவுகளில் கிரிவலப் பாதையோரம் துணி விரித்து விற்கிற வாட்சுகளை நின்று பார்க்கிறாய், ரோலக்ஸ், ஒமேகா என்று பெயர் போட்டவற்றில் நல்லதாகப் பொறுக்கிச் சேர்க்க ஆசை என்று எழுதியிருக்கிறாய். தேரடி வீதிக் கடையில் ஐகிளாஸ் மாட்டித் தொழில் பழகுகிற பையன் இப்படிக் கேட்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆசை இருந்தால்தான் கண் தேறும். ஆனால் “எந்த ஃபர்ஸ்ட் காப்பி நல்ல காப்பி?” என்ற உன் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேள். இந்த வாட்சுக்குள் என்ன இருக்கிறது, டயல் அதைச் சொல்கிறதா? இந்த ஒரு கேள்வி போதும். சேகரிப்புக்கும் தொழிலுக்கும் அதுவே அளவுகோல்.

காப்பி என்றாலே கேவலம் என்று நான் சொல்ல மாட்டேன். நம் நாட்டு வாட்சுத் தொழில் பிறந்ததே அடுத்தவரைப் பார்த்துக் கற்றுத்தான். 1961இல் பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியபோது தொழில்நுட்பம் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியுடையது. நீ தினமும் பிரித்து மாட்டுகிற ஜனதா வாட்சின் 17 ஜூவல் மிஷின் அந்த வம்சாவளிதான். டாடாவும் நம் மாநில அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், குவார்ட்ஸ் மிஷின் வித்தையைப் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றிடம் கற்றது. கற்றவர்கள் அங்கேயே நின்றுவிடவில்லை. ஓசூரில் செய்த டைட்டன் எட்ஜ் 2002இல் வந்தபோது அதன் மிஷின் கனம் வெறும் 1.15 மில்லிமீட்டர். இரண்டு கம்பெனிகளும் முறையாகக் கேட்டுக் கற்றன, டயலில் தங்கள் பெயரைப் போட்டன. கெட்டுப்போனால் ‘எங்களிடம் வா’ என்று சொல்கிற தைரியம் அந்தப் பெயரில் இருந்தது. அப்படிப்பட்ட காப்பியை எத்தனை வேண்டுமானாலும் சேர்.

துணி விரிப்பில் கிடப்பவை வேறு ரகம். பெரும்பாலானவற்றில் இருப்பது செல்லில் ஓடும் மலிவுக் குவார்ட்ஸ் மிஷின். நொடி முள் நொடிக்கு ஒரு தரம் குதிக்கும். இன்றைய ரோலக்ஸ் மிஷின்களில் பெரும்பாலானவை மணிக்கு 28,800 துடிப்பு, அதாவது நொடிக்கு எட்டு. முள் வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரியும். ரோலக்ஸின் டேடோனா மாதிரியின் டயலில் இருக்கும் சின்ன வட்டங்களில் இரண்டு ஸ்டாப்வாட்ச் வேலைக்கு உரியவை. மலிவுக் காப்பியில் அவை கிழமையும் தேதியும் காட்டும், அல்லது முள் அசையாமல் வெறும் அலங்காரமாக நிற்கும். முலாம் போட்ட கேஸ் ஒரு கோடைக்கால வியர்வைக்கே பல்லிளித்துவிடும். சிலருக்கு மணிக்கட்டில் அரிப்பும் வரும்.

“அது சரி, நல்ல காப்பியும் உண்டே, உள்ளே செய்கோ மிஷின் இருக்கிறதே” என்பாய். உண்மைதான். செய்கோவின் என்எச்35 மிஷினைப் போட்டு வருகிற காப்பிகள் உண்டு. 24 ஜூவல், நொடிக்கு ஆறு துடிப்பு, ஆட்டோமேட்டிக், சாவியும் கொடுக்கலாம். குறை சொல்ல முடியாத மிஷின். ஆனால் அதே மிஷினைப் போட்டு, சொந்தப் பெயரில், பில்லும் வாரண்டியும் தந்து விற்கிற சின்னக் கம்பெனிகள் உலகெங்கும் இருக்கின்றன. அப்படியிருக்க, காப்பிக்காரனுக்கு நீ கூடுதலாகக் கொடுக்கும் பணம் எதற்கு? டயலில் எழுதிய பொய்க்கு. அந்தப் பணத்தை மிஷினுக்குச் செலவழி.

உனக்கு உண்மையான பரீட்சை ரோலக்ஸில் இல்லை, எச்.எம்.டி.யில் இருக்கிறது. எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூடுகிறார்கள் என்றதும் பழைய எச்.எம்.டி.க்கு மவுசு கூடியது. கூடவே ரீடயல் செய்தவையும், அதாவது டயலை மறுபடி அடித்தவையும், பெருகின. கம்பெனி போட்டே இராத நிறங்களில் டயலை அடித்து, “புத்தம் புதுசு, டப்பா பிரிக்காதது” என்று விற்கிறார்கள். ஐகிளாஸ் மாட்டி டயலைப் பார். கம்பெனி அச்சில் எழுத்தின் ஓரம் வெட்டினாற்போல நிற்கும்; ரீடயலில் மை கசிந்து தடித்திருக்கும். நிமிடக் கோடுகள் விளிம்புக்கு ஒரே தூரத்தில் இருக்கின்றனவா, 12 மணிக் கோடு நடுவில் நிற்கிறதா என்று பார். மணிக்குறிகளின் அடியில் பெயின்ட் படிந்திருந்தால் அது பிறகு பூசியது. அதிகம் பாலிஷ் கொடுத்த கேஸில் கூர் முனைகள் மழுங்கியிருக்கும். கடைசியாகப் பின்மூடியைத் திறந்து, மிஷினில் பொறித்த எண் அந்த மாடலுக்கு உரியதுதானா, மேல் பிரிட்ஜ் ஒரு வாட்சுடையதும் அடித்தட்டு இன்னொன்றுடையதுமா என்று சரிபார். ரீடயல் குற்றமில்லை. ‘ரீடயல்’ என்று சொல்லி அதற்கான விலைக்கு விற்றால் அது நாணயமான வியாபாரம்.

சட்டத்தையும் தெரிந்துகொள். வணிகச் சின்னச் சட்டம், 1999இன் 103, 104ஆம் பிரிவுகள் போலிப் பெயர் போடுவதையும், அந்தச் சரக்கை விற்பதையும் குற்றமாக வைத்திருக்கின்றன. ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். “நாலு பீஸ் வாங்கி விற்கலாம்” என்று எவனாவது ஆசை காட்டினால் அந்தப் பக்கமே போகாதே.

கடைக்கு வருகிறவர் விஷயத்தில் மட்டும் மனசு வேண்டும். மாமனார் போட்ட ஒமேகா என்று ஒருவர் கொண்டு வருவார். திறந்ததுமே அது போலி என்று உனக்குத் தெரிந்துவிடும். நாலு பேர் முன்னால் சொல்லி அவர் முகத்தைச் சுருங்க வைக்காதே. தனியாகக் கூப்பிட்டு, ஐகிளாஸை அவர் கையில் கொடுத்து, உள்ளே இருப்பதைக் காட்டு. ஓடுகிற மிஷின் என்றால் துடைத்து ஆயில் போட்டுக் கொடு. சீட்டில் மட்டும் ‘ஒமேகா’ என்று எழுதாதே, ‘குவார்ட்ஸ் வாட்ச்’ என்று எழுது. நாளை அதை வேறொருவருக்கு விற்க அந்தச் சீட்டே சாட்சியாகிவிடக் கூடாது.

வாட்ச் எதற்கு என்பதற்கு நம் திருவண்ணாமலையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1950 ஏப்ரல் 14 இரவு பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெசோன் இங்கே இருந்தார். வானத்தில் பிரகாசமான எரிநட்சத்திரம் ஒன்று போனதைக் கண்டு அவரும் கூட இருந்தவர்களும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். மணி 8.47. ரமண மகரிஷி உடலை விட்ட நேரம் அதுதான் என்று ஆசிரமத்துக்கு ஓடிய பிறகு தெரிந்தது. அவை எந்தக் கம்பெனி வாட்சுகள் என்று இன்று யாரும் கேட்பதில்லை. சரியாகக் காட்டிய நேரம் மட்டும் எழுபது வருடம் தாண்டியும் நிற்கிறது.

இனி உன் பட்டியலுக்கு வருகிறேன். முதலில் சாவி கொடுக்கிற எச்.எம்.டி. ஒன்று, டயல் மங்கியிருந்தாலும் கம்பெனி டயலோடு. அதைக் காதருகே வைத்து, நொடிக்கு ஐந்து துடிப்பைக் கேட்டுப் பழகு. பிறகு சொந்தப் பெயரோடு வரும் ஆட்டோமேட்டிக் ஒன்று. மூன்றாவதாக ஒரு டைட்டன் குவார்ட்ஸ். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, வாங்கிய விலை, மாற்றிய பாகம், நாளொன்றுக்கு எத்தனை நொடி முந்துகிறது, பிந்துகிறது என்று எழுதி வை. இருட்டில் ஒளிரும் மிகப் பழைய வாட்சுகளின் முள் பூச்சில் ரேடியம் இருக்கலாம். அதைச் சுரண்டாதே, ஊதாதே. பின்மூடியைத் திறக்க விடாதவனிடம் எந்த வாட்சும் வாங்காதே, அவன் என்ன விலை சொன்னாலும் சரி.

அன்புடன்,
உன் அண்ணன்