லூசியின் சாவை எழுதாதே

அன்புள்ள தம்பிக்கு,

காலாண்டிதழில் வந்த உன் ‘லூசியின் கடைசி மாலை’ கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்த கையோடு எழுதியிருந்தால் இந்தக் கடிதம் இன்னும் கடுமையாக இருந்திருக்கும். இரண்டாம் முறை, முழங்காலைப் பற்றிய பத்தி என்னைச் சற்று ஆற்றியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மனிதப் பரிணாமம் பற்றி எழுத வருகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்களில் நீ சறுக்கவில்லை. குனிந்த குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகும் பழைய வரிசைப் படத்தை நீ தொடவில்லை. ‘விடுபட்ட கண்ணி’ என்ற சொல்லும் உன் கட்டுரையில் இல்லை. ஆகவே நம் இருவருக்கும் தெரிந்தவற்றை விட்டுவிட்டு, எனக்கு உறுத்துகிற இரண்டு விஷயங்களுக்கு நேரே வருகிறேன்.

முதலாவது அந்தத் தொடக்கம். எத்தியோப்பியாவின் ஹடாரில் எலும்புக்கூடாகக் கிடைத்த ஆதிமனித இனத்துப் பெண் லூசி, உன் கதையில் மரத்தின் உச்சியில் இருக்கிறாள். பொழுது சாய்கிறது. எட்டாத ஒரு பழத்துக்காகக் கையை நீட்டுகிறாள், கிளை முறிகிறது, அவள் விழுகிறாள், விழும்போது இரு கைகளையும் முன்னே ஊன்றுகிறாள். ஒன்றரைப் பக்கம் இப்படிப் போகிறது. பொழுது சாய்ந்தது என்று உனக்கு யார் சொன்னார்கள்? பழத்தை யார் பார்த்தார்கள்?

இதன் மூலம் எது என்று எனக்குத் தெரியும். லூசியின் எலும்புகள் அமெரிக்காவுக்குக் காட்சிக்காகக் கொண்டுசெல்லப்பட்டபோது, 2008இல், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அவற்றை சி.டி. ஸ்கேன் செய்தார்கள். அதை வைத்து ஜான் கப்பெல்மனும் அவருடைய குழுவினரும் 2016இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வலது மேற்கை எலும்பின் தோள்முனை நசுங்கியிருக்கும் விதம், உயரத்திலிருந்து விழுந்து கையை ஊன்றியவர்களிடம் மருத்துவர்கள் காணும் முறிவைப் போல இருக்கிறது. சிறு சில்லுகள் இடம் பெயராமல் அங்கேயே இருப்பதால் எலும்பு உயிர்ப்போடு இருந்தபோதே முறிந்திருக்க வேண்டும். ஆகவே அவள் மரத்திலிருந்து விழுந்து இறந்திருக்கலாம். இதுதான் அவர்கள் வாதம். அது மதிக்கத்தக்க ஆய்வு. அதை அப்படியே ஒரு வாதமாக நீ எழுதியிருந்தால் நான் கைதட்டியிருப்பேன்.

ஆனால் லூசியைக் கண்டெடுத்த டொனால்ட் ஜோஹான்சனே இதை ஏற்கவில்லை. ஆய்வாளர் டிம் ஒயிட்டும் ஏற்கவில்லை. இதே மாதிரியான முறிவுகள் யானை எலும்பிலும் நீர்யானை விலாவிலும் இருக்கின்றன, அவை எந்த மரத்திலிருந்து விழுந்தன என்பது ஜோஹான்சனின் கேள்வி. புதைந்த எலும்பின் மேல் லட்சக்கணக்கான ஆண்டுகள் மண் அழுத்துகிறது, அதற்கு முன்பே விலங்குகள் மிதித்துப் போகின்றன. இந்த மறுப்பை நீ படித்திருக்கிறாய் என்பது மூன்றாம் பக்கத்தில் தெரிகிறது. “சிலர் இதை மறுப்பதும் உண்டு” என்று அரை வாக்கியம் எழுதியிருக்கிறாய். ஒன்றரைப் பக்கம் கற்பனைக்கு, அரை வாக்கியம் மறுப்புக்கு. என் கோபம் அந்த அரை வாக்கியத்தின் மேல்தான்.

யோசித்துப் பார், தம்பி. அந்த மறுப்புக்குள் எவ்வளவு பெரிய கட்டுரை இருக்கிறது! பச்சை எலும்பு முறிந்தால் எப்படியிருக்கும், உலர்ந்து கல்லான எலும்பு முறிந்தால் எப்படியிருக்கும், இரண்டையும் எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்று நீ எழுதியிருக்கலாம். லூசியின் இடுப்பெலும்பில் ஊனுண்ணி ஒன்றின் பல் பதிந்த தடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அது அவளைக் கொன்ற பல்லா, செத்த பிறகு கடித்த பல்லா? அதை எழுதியிருக்கலாம். உலகமே நாற்பது ஆண்டுகளாகப் பார்த்து வந்த அந்த எலும்புக்கூட்டில் முதுகெலும்புத் துண்டு ஒன்று லூசியுடையதே இல்லை. ஜெலாடா குரங்கின் உறவான ஒரு பபூனுடையது என்று 2015இல் தெரியவந்தது. எலும்புகளைக் கோத்துக் காட்சிக்கு ஒரு மாதிரி செய்தபோது அந்தத் துண்டு மட்டும் அளவில் சிறியதாக இருப்பதைக் கவனித்தார்கள். இதில் இல்லாத விறுவிறுப்பா நீ முறித்த கிளையில் இருக்கிறது?

மனித மூதாதையின் எலும்பு தனியாக எதையும் சொல்லிவிடாது. பக்கத்தில் கிடந்த யானை, மான், பன்றி எலும்புகளோடு வைத்துப் பார்த்தால்தான் சொல்லும். பன்றி என்றதும் நினைவுக்கு வருகிறது, 1470 என்ற எண்ணுள்ள மண்டையோட்டை நீ அறிவாய். கென்யாவில் துர்கானா ஏரியின் கிழக்குக் கரை, கூபி ஃபோரா, 1972. அதற்கு மேலே இருந்த எரிமலைச் சாம்பல் அடுக்குக்கு 26 லட்சம் ஆண்டு என்று ஆர்கான் முறையில் கணக்கிட்டிருந்தார்கள். அதனால் மண்டையோடு அதற்கும் முந்தியது, 29 லட்சம் ஆண்டு என்று ஆய்வாளர் ரிச்சர்ட் லீக்கி அறிவித்தார். உலகம் வியந்தது. பன்றிப் பல்லை ஆராய்ந்து வந்த பேசில் குக் ஒப்புக்கொள்ளவில்லை. ஆப்பிரிக்கப் பன்றிகளின் கடைசிக் கடைவாய்ப் பல் காலப்போக்கில் நீண்டுகொண்டே வந்தது. கூபி ஃபோராவில் அந்தச் சாம்பலுக்குக் கீழே கிடைத்த பன்றிப் பற்கள், வடக்கே எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 20 லட்சம் ஆண்டு அடுக்கில் கிடைத்தவற்றை ஒத்திருந்தன. வருடக்கணக்கில் சண்டை. கடைசியில் சாம்பலைத் திரும்பத் திரும்ப அளந்து, அதன் வயது சுமார் 19 லட்சம் ஆண்டுதான் என்று முடிவானது. பன்றிகள் சொன்னதே சரி. மனித முன்னோர்களை எழுதுகிறவன் முதலில் பன்றிப் பல்லைப் படிக்க வேண்டும் என்று நான் பல இளைஞர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். உனக்கும் சொல்கிறேன்.

அந்த 1470ஐக் கண்ணால் கண்டவர் யார் தெரியுமா? பெர்னார்ட் ஙெனியோ. இதுதான் என் இரண்டாவது குறை.

உன் வாக்கியத்தை அப்படியே எழுதுகிறேன்: “அமெரிக்க விஞ்ஞானி ஜோஹான்சன் எத்தியோப்பிய மண்ணைத் தோண்டி லூசியை வெளியே எடுத்தார்.” தோண்டவில்லை, தம்பி. ஹடாரில் மழைதான் தோண்டுகிறது. மழை வெள்ளம் சரிவை அரித்துக்கொண்டு போகும்போது எலும்பு வெளியே தலைகாட்டும். அடுத்த மழையிலேயே அது அடித்துச்செல்லப்படவும் கூடும். அந்த இடைவெளியில் அந்த வழியே ஒருவர் நடக்க வேண்டும், அவருக்குப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். 1974 நவம்பர் 24 அன்று ஜோஹான்சன் அந்தச் சரிவில் பார்த்தது ஒரு முழங்கைத் துண்டு. அவரோடு டாம் கிரே என்ற மாணவர் இருந்தார். பிறகு வாரக்கணக்கில் அந்தச் சரளையைச் சலித்துச் சேர்த்த துண்டுகள்தான் லூசி.

கிரே பெயரும் உன் கட்டுரையில் இல்லை. அதே பருவத்தில், லூசிக்குச் சில வாரம் முன்னால், ஹடாரில் தாடைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் எத்தியோப்பியரான அலெமாயெஹு அஸ்ஃபாவ். அவரும் இல்லை. இன்னொன்று: லூசியின் இனமான அஃபாரென்சிஸுக்குப் பெயர் வைத்தபோது மாதிரிச் சான்றாக வைக்கப்பட்டது லூசி அல்ல, தான்சானியாவின் லேட்டோலியில் கிடைத்த ஒரு கீழ்த்தாடை. மேரி லீக்கியின் குழுவில் இருந்த மவுண்டு முலுய்லா கண்டெடுத்தது அது. லூசியின் இனத்தையே தாங்கி நிற்கும் எலும்பைக் கண்டவர் பெயரைத் தமிழில் யாராவது எழுதி நான் பார்த்ததில்லை.

இது எனக்குப் பெரிய விஷயம். சாட் நாட்டின் பாலைவனத்தில் 2001இல் 70 லட்சம் ஆண்டுப் பழமையான தூமாய் மண்டையோட்டைக் கண்டவர் அஹூந்தா ஜிம்தூமால்பாயே, அப்போது அவர் மாணவர். குழுத்தலைவர் மிஷேல் ப்ரூனே அன்று அங்கே இல்லை. தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபொன்டெய்ன் குகையில் ஆய்வாளர் ரான் கிளார்க் தன்னிடமிருந்த முறிந்த கால் எலும்பின் அச்சை 1997இல் ஸ்டீஃபன் மொட்சுமி, ன்குவானே மொலேஃபே என்ற இருவரிடம் கொடுத்து, இதன் மறுபாதி குகைச் சுவரில் எங்காவது இருக்கும், தேடுங்கள் என்றார். இருட்டுக் குகை, கையில் விளக்கு. இரண்டே நாளில் கண்டுபிடித்தார்கள். ‘லிட்டில் ஃபுட்’ என்று உலகம் கொண்டாடும் எலும்புக்கூடு அப்படித்தான் கிடைத்தது. பல் மருத்துவர் வாயைப் பார்ப்பதுபோல அவர்கள் பாறையைப் பார்த்திருக்கிறார்கள்.

பார்ப்பது எவ்வளவு பெரிய கலை என்று நான் காரை, குளக்கால்நத்தம் பக்கத்துக் களிமண் மேடுகளில் கற்றேன். அரியலூர் வட்டாரத்தின் கிரிட்டேசியஸ் காலக் கடல்படிவுகளைப் பார்க்க எங்களை அழைத்துப்போயிருந்தார்கள். ஜிப்சம் நரம்புகள் வெயிலில் மின்னிக் கண்ணைக் கூசவைக்கும். எங்களுக்கு எல்லாம் ஒரே மண்ணாகத் தெரிந்தது. தண்ணீரும் சுத்தியலும் சுமக்க வந்த உள்ளூர்க்காரர் ஒருவர், குனியாமல் நடந்துகொண்டே, “அதோ சார்” என்பார். அங்கே அம்மோனைட் புதைபடிவம் இருக்கும். காலையிலும் மாலையிலும் வெயிலை எதிர்நோக்கி நடந்தால்தான் கண்ணில் படும், உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். மழை பெய்த மறுவாரம் எந்த ஓடையில் என்ன வெளிவந்திருக்கும் என்று சொல்வார், இருக்கும். அறிக்கை அச்சாகி வந்தபோது “கூலியாட்களின் உதவியோடு சேகரிக்கப்பட்டவை” என்று இருந்தது. பெயரைச் சேர்க்கச் சொல்லி நான் கேட்டேன். வழக்கமில்லை என்றார்கள். அந்தப் பெயரை உனக்கு நேரில் சொல்கிறேன்; அவர் பிள்ளைகளைக் கேட்காமல் அச்சில் போடுவது முறையில்லை. அன்றிலிருந்து எந்தப் புதைபடிவத்தைப் பற்றிப் படித்தாலும், கண்டது யார் என்றுதான் முதலில் தேடுகிறேன்.

நீ கேட்கலாம், கட்டுரைக்கு இடம் போதாது, பெயர்ப் பட்டியல் போட முடியுமா என்று. பட்டியல் வேண்டாம். ஒரு பெயர் போதும். அந்த மனிதர் நின்ற சரிவும், அவர் கண்ணில் முதலில் பட்ட துண்டும் போதும். அங்கிருந்து தொடங்கினால் சான்று எது, ஊகம் எது என்று வாசகருக்குத் தானாகவே புலப்படும். உன் ஒன்றரைப் பக்கக் கற்பனைக்குத் தேவையே வந்திருக்காது. உன் இரண்டு குறைகளும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன: யார் எதைப் பார்த்தார்கள் என்பதை விட்டுவிட்டாய், அந்தக் காலியிடத்தைக் கதையால் நிரப்பினாய்.

லூசியை ‘நம் தாய்’ என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறாய். அவள் இனத்திலிருந்து நாம் வந்திருக்கலாம். அவளிடமிருந்தே வந்தோம் என்று எவராலும் சொல்ல முடியாது. நான்கையும் எடுத்துவிடு.

இனி அந்த முழங்கால். லூசிக்கு ஓராண்டு முன், 1973இல், ஹடாரில் கிடைத்த மூட்டைப் பற்றி நீ எழுதியிருக்கும் பத்தி. வாசகரை எழுந்து நிற்கச் சொல்கிறாய். இடுப்பு அகலமாக இருக்க, முழங்கால்கள் மட்டும் ஏன் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன என்று பார்க்கச் சொல்கிறாய். தொடையெலும்பு உள்நோக்கிச் சாய்ந்து இறங்குவதால்தான் ஒற்றைக்காலில் உடலைத் தாங்கி அடுத்த அடி வைக்க முடிகிறது, சிம்பன்சியின் தொடையெலும்பு நேரே இறங்குவதால் அது நிமிர்ந்து நடந்தால் இருபுறமும் ஆடுகிறது என்று சொல்கிறாய். பிறகு அந்தப் பழைய மூட்டை நம் கையில் கொடுத்து, சாய்வைக் காட்டுகிறாய். மூளை பெருப்பதற்கு வெகுகாலம் முன்பே நடை வந்துவிட்டது என்பது அந்த இடத்தில் வாசகருக்கு உடம்பிலேயே தெரிந்துவிடுகிறது. தமிழில் இதை இவ்வளவு துலக்கமாக எழுதி நான் படித்ததில்லை. ஆங்கிலத்தில் படித்தவற்றுள்ளும் இதற்கு ஈடாகச் சொல்ல எனக்குச் சிலதான் நினைவுக்கு வருகின்றன. நானும் எழுந்து நின்று என் முழங்கால்களைப் பார்த்தேன். இப்படி எழுதத் தெரிந்தவன் எதற்காகக் கிளையை முறிக்க வேண்டும்?

அடுத்த கட்டுரை துர்கானா சிறுவனைப் பற்றி என்று அறிவித்திருக்கிறாய். 15 லட்சம் ஆண்டுக்கு முந்தைய அந்தப் பையனின் தாடையில், பால்பல் விழுந்த இடத்தில் எலும்பு அரித்திருக்கிறது. பல்லில் சீழ் வைத்து, நஞ்சு இரத்தத்தில் கலந்து இறந்தான் என்று எழுத உன் கை துறுதுறுக்கும். அப்படி ஓர் ஊகம் உண்டு, ஊகம் என்றே எழுது. வயதும் அப்படித்தான்: பல்லைப் பார்த்தால் எட்டு ஒன்பது, எலும்பைப் பார்த்தால் அதற்கும் மேல். இரண்டையும் சொல். ஏன் முரண்படுகின்றன என்றும் சொல்.

கட்டுரையைக் கமோயா கிமேயுவிடமிருந்து தொடங்கு. 1984 ஆகஸ்ட், நாரியோகோடோமே என்ற வறண்ட ஆற்றின் கரை. முகாமில் எல்லோருக்கும் ஓய்வு நாள். கிமேயு மட்டும் நடக்கப் போனார். கருங்கற்களுக்கு நடுவே அதே கருப்பில், தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு மண்டையோட்டுச் சில்லைக் கண்டார். அங்கே உண்மையாகவே பல பருவங்கள் தோண்டினார்கள், ஏறக்குறைய முழு எலும்புக்கூடும் கிடைத்தது. ஆனால் எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டியது அந்தச் சில்லு. 1960இல் ஓல்டுவாயில் லீக்கிகளிடம் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். 1964இல் பெனின்ஜ் என்ற இடத்தில் ஒரு புதைபடிவத் தாடையைக் கண்டார். அழிந்துபோன குரங்கினங்கள் இரண்டுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். 2021இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் தந்தது. 2022 ஜூலையில் காலமானார்.

லூசிக் கட்டுரை நூலில் சேரும்போது முதல் ஒன்றரைப் பக்கத்தை நீக்கிவிட்டு அலெமாயெஹு அஸ்ஃபாவின் பெயரைச் சேர். துர்கானாக் கட்டுரையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்