யூரின் டெஸ்ட்டில் பூச்சி தெரியுமா?

நம்பிக்கை: வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று யூரின் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும்.

உண்மை: தெரியாது. விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் 'பூச்சி' என்ற ஒரே பெயரில் அடங்கும் உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு மூன்றும் குடலில் வாழ்பவை. அவற்றின் முட்டைகள் மலத்தோடுதான் வெளியேறும். சிறுநீரோ, சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டித் தருவது. குடலில் கிடக்கும் முட்டைக்கு அங்கே போக வழியில்லை. ஒரு பெண் உருளைப்புழு நாளொன்றுக்குச் சுமார் 2 லட்சம் முட்டை இடும். அப்போதும் யூரின் ரிப்போர்ட் சுத்தமாகவே வரும்.

பார்க்க வேண்டியது மலம். டப்பாவைக் கையில் பிடித்து லேப்புக்குப் போகக் கூச்சம்தான். ஆனால் கொக்கிப்புழு குடல் சுவரைக் கவ்வி ரத்தம் குடித்துச் சோகையில் கொண்டுவிடும் என்பதால் அந்தக் கூச்சத்துக்கு விலை அதிகம். கொண்டுபோகும் மலத்தில் சிறுநீர் கலந்துவிடக் கூடாது. ஒரு நாள் தட்டுப்படாத முட்டை மறுநாள் தட்டுப்படலாம் என்பதால், வெவ்வேறு நாட்களில் மூன்று முறை பார்ப்பதும் உண்டு.

கீரிப்பூச்சி விஷயத்தில் மலப் பரிசோதனையும் பெரும்பாலும் ஏமாற்றிவிடும். பிள்ளை தூங்கும் நேரம் பார்த்துப் பெண்புழு ஆசனவாய்க்கு வெளியே வந்து தோல் மடிப்பில் முட்டையிடும். இரவு அரிப்புக்குக் காரணம் இதுதான். விடிந்ததும், கழுவுவதற்கு முன், அந்த இடத்தில் செல்லோ டேப்பை ஒட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சிறுமிகளுக்கு இந்தப் புழு முன்பக்கம் நகர்ந்து, சிறுநீரில் முட்டை விழுவதும் எப்போதாவது நடக்கும். அது தற்செயல்.

நம்பிக்கை: சிறுநீர் மஞ்சளாக, எரிச்சலோடு போனால் பூச்சிதான்.

உண்மை: சித்திரை வெயிலில் பட்டாசு வேலை செய்து, தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்குச் சிறுநீர் அடர்ந்து மஞ்சளாவது இயல்பு. எரிச்சலும் சேர்ந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சிறுநீர்த் தொற்று. ரிப்போர்ட்டில் 'பஸ் செல்ஸ்' என்று வருவது சீழ் அணுக்கள், புழு அல்ல. சிறுநீரில் மிதக்கும் வெள்ளை இழை பெரும்பாலும் சளி.

நம்பிக்கை: நெய்க்குறியில் எண்ணெய் பாம்பாக நெளிந்தால் உள்ளே புழு.

உண்மை: சித்த மருத்துவமே அப்படிச் சொல்லவில்லை. காலைச் சிறுநீரில் நல்லெண்ணெய்த் துளி விட்டுப் பார்க்கும் அந்த முறையில் பாம்பு வடிவம் வாதத்தையும், மோதிர வடிவம் பித்தத்தையும், முத்து வடிவம் கபத்தையும் குறிக்கும்.

நம்பிக்கை: அப்படியானால் சிறுநீரில் எந்தப் புழுவும் தெரியாது.

உண்மை: இது மறுகோடிப் பிழை. சிஸ்டோசோமா ஹீமடோபியம் என்ற ரத்தப்புழு சிறுநீர்ப்பையைச் சுற்றியுள்ள நாளங்களில் வாழும். அதன் முள் முனை கொண்ட முட்டை சிறுநீரில்தான் வரும், ரத்தமும் கலந்திருக்கும். காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையே முட்டை அதிகம் இறங்கும் என்பதால் அந்த நேரத்துச் சிறுநீரை வடிகட்டிப் பார்ப்பார்கள். நன்னீர் நத்தை வழியாகப் பரவும் இந்த நோயின் தாயகம் ஆப்பிரிக்காவும் மேற்காசியாவும். இந்தியாவில் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்துக் கிம்வி கிராமத்தில் இத்தகைய நோயை காட்கில், ஷா இருவரும் 1952இல் பதிவு செய்தார்கள். ஆப்பிரிக்க ஏரியில் குளித்துவிட்டு ஊர் திரும்பியவருக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தால் அந்தப் பயணத்தை மருத்துவரிடம் சொல்வது அவசியம்.

யானைக்கால் நோய்ப் புழு இன்னொரு விதிவிலக்கு. நிணநீர் கசிந்து சிறுநீர் பால்போல் வெளுக்கும்போது அதில் குட்டிப்புழு சில சமயம் தென்படும். 1866இல் பிரேசிலில் வூகெரர் அதைக் கண்டது சிறுநீரில்தான். ரத்தத்தில் அது இருப்பதை 1872இல் கல்கத்தாவில் டிமோதி லூயிஸ் காட்டினார். இப்போது இந்நோய்க்கு ரத்தப் பரிசோதனையே வழக்கம்.

நம்பிக்கை: டெஸ்ட்டில் உறுதியான பிறகே பூச்சி மாத்திரை கொடுக்கலாம்.

உண்மை: 2015இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாள் திட்டத்தில் 1 முதல் 19 வயது வரை, எந்த டெஸ்ட்டும் இல்லாமல் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் தரப்படுகிறது. 1 முதல் 2 வயதுக் குழந்தைக்குப் பாதி மாத்திரை, பொடித்துத் தண்ணீரில் கலந்து.