செரெங்கெட்டிப் பெருவெளி

வனவிலங்குகளைக் காண விழைந்து ஆபிரிக்கக் கண்டம் செல்வோர் பலரும் விரும்பி நாடும் இடங்களுள் ஒன்று, தன்சானியா நாட்டிலுள்ள செரெங்கெட்டித் தேசியப் பூங்கா. பூங்கா என்றவுடன் பூம்பாத்திகளும் நிழல்மரங்களும் நம் நினைவிற்கு வருதல் இயல்பே. இதுவோ 14,763 சதுர கிலோமீட்டர் பரந்த புல்வெளியும் காடுமாம். முடிவின்றி நீளும் நிலம் எனப் பொருள்படும் மசாய் மொழிச் சொல்லினின்று இப்பெயர் பிறந்தது என்பர். அங்குச் செல்வார் கண்ணுக்குப் புலனாவன யாவை, புலனாகாது நிற்பன யாவை என்பதை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

நிலமும் பொழுதும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், ஆங்குள்ள மாவும் மரமும் மக்கள்தம் தொழிலும் பிறவும் கருப்பொருள் என்றும் நம் இலக்கண நூலார் வகுத்தனர். இப்பெருவெளியை அறிதற்கும் அம்முறை நமக்குத் துணையாகின்றது.

தென்பகுதி எரிமலைச் சாம்பல் படிந்த நிலம். மேல்மண்ணின் கீழ்ச் சுண்ணம் இறுகிய படை ஒன்று மரவேரை இறங்கவொட்டாது தடுக்கின்றது; ஆதலின் அங்கு எங்கணும் குறும்புல்லே. மழைக்காலத்து அப்புல் சத்து மிக்கதாய்த் தழைக்க, வில்டெபீஸ்ட் என்னும் விலங்குகள் இலட்சக்கணக்கில் வந்து குழுமும். மாட்டை ஒத்த கொம்பும் குதிரையை ஒத்த வாலும் உடைய மானினம் அது. பிப்ரவரித் திங்களை ஒட்டி, ஏறக்குறைய மூன்று வாரத்துள், அவை தம் கன்றுகளுட் பெரும்பாலனவற்றை ஈனும். பிறந்த கன்று சில நிமிடங்களுள் எழுந்து நிற்கும். நில்லாதது கழுதைப்புலிக்கு இரையாம். மழை ஓய்ந்து புல் உலர்ந்தபின், வரிக்குதிரைகள் உடன்வர, அக்கூட்டம் மேற்கும் வடக்கும் நடந்து, முதலைகள் காத்திருக்கும் மாரா ஆற்றைக் கடந்து கென்ய நாட்டெல்லை புகும். நவம்பரில் மழை நோக்கி மீளும்.

வந்த கேடு

இக்காட்சியைக் காண்பார், படைப்பு நாள்தொட்டு இஃது இவ்வாறே நிகழ்ந்து வருவதென எண்ணுதல் கூடும். உண்மை அஃதன்று. 1890ஆம் ஆண்டையொட்டி, பிற நிலத்து மாடுகளோடு வந்த வெக்கை நோய் இப்பகுதியிற் பரவிற்று. மசாய் மக்களின் ஆநிரைகள் அழிந்தன. அவற்றோடு வில்டெபீஸ்டும் காட்டெருமையும் மாண்டன. 1892இல் இவ்வழிச் சென்ற ஆஸ்திரிய நாட்டுப் பயணி ஆஸ்கார் பாமன், பசியால் எலும்புருவாய் நின்ற மசாய் மக்களைக் கண்டு எழுதிவைத்தார். அந்நோய் நெடுங்காலம் அந்நிலத்தே தங்கி, ஆண்டுதோறும் இளங்கன்றுகளைக் கொன்றுவந்தது.

தீர்ந்த வகை

காட்டுவிலங்குகளே நோயை வைத்திருந்து மாடுகளுக்குத் தருகின்றன என்று பலர் கருதினர். 1950க்குப்பின் சூழவுள்ள ஊர்களின் மாடுகளுக்குத் தடுப்பூசி இடப்பட்டது. காட்டுவிலங்கு ஒன்றனுக்கேனும் ஊசி இடப்படாதிருந்தும், காட்டிலும் நோய் அற்றுப்போயிற்று! 1961இல் ஏறத்தாழ இரண்டரை இலட்சமாயிருந்த வில்டெபீஸ்ட், 1977இல் பதின்மூன்று இலட்சமாய்ப் பெருகிற்று. அவை மிகுதியாக மேயவே, எரிதற்குரிய உலர்புல் குறைந்தது, காட்டுத்தீ அருகியது, தீயிற் கருகிவந்த இளமரங்கள் ஓங்கின, இன்று ஒட்டகச்சிவிங்கி தழை கறிக்கும் சோலைகளுட் பல அவ்வாறு எழுந்தவையே. கென்யாவின் முகுகா ஆய்வுநிலையத்தில் வால்டர் பிளௌரைட் முதலியோர் ஆக்கிய செவ்விய தடுப்பூசி பின்னர் உலகெங்கும் பயன்பட, 2011இல் அந்நோய் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதர் முயன்று முற்றும் ஒழித்த நோய்கள் பெரியம்மையும் இதுவும் ஆகிய இரண்டே.

காணாத கருப்பொருள்

ஈண்டு நாம் நின்று நினைத்தற்குரியது ஒன்றுண்டு. வனத்தைப் பிழைப்பித்தது ஆயர்தம் மாட்டைப் பிழைப்பித்த செயல். ஆயின் அவ்வாயர் இன்று அப்பூங்காவில் இல்லை. 1951இல் பூங்கா நிறுவப்பட்டது. 1959இல், ஆங்கில ஆட்சியின்கீழ், ஆங்கு மேய்த்து வாழ்ந்த மசாய் மக்கள் வெளியேற்றப்பெற்று, அண்டையிலுள்ள ங்கோரொங்கோரோ மலைப்பகுதிக்கு அனுப்பப்பட்டனர். விலங்குகளைக் காத்தற்கு அது வேண்டும் என்றனர் ஒருசாரார். அதற்கு முன்னும் அவ்விலங்குகளோடு ஒருநிலத்தே வாழ்ந்தவர் அம்மக்களே அன்றோ? அவர்தம் நிலவுரிமை பற்றிய வழக்கு இன்றும் ஓய்ந்திலது.

மனிதன் கைபடாத இயற்கை என நாம் வியக்கும் காட்சியில், மனிதன் விளைத்த கேடும் உண்டு. அவன் செய்த நன்மையும் உண்டு. அவன் இழைத்த பிழையும் உண்டு. நிலமும் பொழுதும் மாவும் மரமும் மட்டுமே கண்டு மீள்வோன் பாதி கண்டவனே ஆவான். எஞ்சிய கருப்பொருளையும் உசாவி அறிதலே கற்றார்க்கு அழகு.