ஆர்க்கிடெக்ட் ஃபீஸ் செலவா, சேமிப்பா? ஒரு அரை கிரவுண்டு கணக்கு

"பிளான் போட மேஸ்திரியே போதாதா சார்? ஆர்க்கிடெக்ட்டுக்கு எதுக்குத் தனியா ஃபீஸ்?" வீடு கட்டப்போறவங்க என்கிட்ட முதல்ல கேட்கிற கேள்வி இதுதான். பதிலைக் கணக்காவே பார்த்துடலாம்.

கோடம்பாக்கத்துல உங்களுக்கு அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை இருக்குன்னு வெச்சுக்கோங்க. அதுல 1,800 சதுர அடிக்கு வீடு. சதுர அடிக்கு ₹2,500 என்றால் ₹45 லட்சம். ஃபீஸ் 5% என்று பேசினால் ₹2.25 லட்சம், 18% ஜிஎஸ்டியோட ₹2,65,500. (உதாரணம்தான், ரேட் ஆளுக்கு ஆள் மாறும்.)

இப்போ, வருஷத்துல நாலு நாள் மட்டும் பயன்படுற 10-க்கு 12 கெஸ்ட் ரூமை எடுத்துடுங்க. 120 × 2,500 = ₹3 லட்சம். ஃபீஸ் மொத்தமும் வந்தாச்சு!

நல்ல ஆர்க்கிடெக்ட் எடுத்தவுடனே எலிவேஷன் படம் காட்ட மாட்டார். அப்பாவுக்கு மாடி ஏற முடியுமா, சமையல் யார், துணி எங்கே காயும்னு கேட்பார். அவர்கிட்ட நீங்க மறைக்கக் கூடாத ஒண்ணு, உங்க உண்மையான பட்ஜெட்.

கையெழுத்து போடும் முன் நாலு விஷயம்:

1. 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கலாம். பதிவு எண்ணைக் கேளுங்க.

2. ஃபீஸை மொத்தமா கொடுக்காதீங்க. முதல் வரைபடம், அனுமதி, வொர்க்கிங் டிராயிங், சைட் மேற்பார்வை என்று கட்டம் கட்டமா பிரிங்க.

3. எத்தனை திருத்தம், எத்தனை சைட் விசிட் என்பதை ஒப்பந்தத்துல எழுதுங்க.

4. அளவுப் பட்டியல் கைக்கு வந்த பிறகே காண்ட்ராக்டர்கிட்ட ரேட் கேளுங்க. பேப்பர்ல சுவரை நகர்த்தினா ரப்பர்தான் தேயும். கட்டினப்புறம் நகர்த்தினா உங்க பர்ஸ் தேயும்.

கடைசியா, என் ஏரியா. பழைய வரி முறையில், கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து 5 வருஷத்துக்குள் வீட்டைக் கட்டி முடிக்கணும். தவறினா, நீங்க குடியிருக்கிற வீட்டுக்கான வருடாந்திர வட்டிக் கழிவு ₹2 லட்சத்திலிருந்து ₹30,000 ஆகிடும். அதனால டிசைனை முடிவு பண்ணிட்டு அப்புறம் லோனுக்குப் போங்க. பாதிக் கட்டடத்துல நின்னுக்கிட்டு யோசிச்சா, வட்டி உங்களுக்காகக் காத்திருக்காது!