கிணறா, நீச்சல் குளமா? சங்கரன்கோவில் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

சங்கரன்கோவில் ஆற்றங்கரை ஊர் இல்லை. கோவிலுக்குள் நாகசுனை இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை ஒழுங்காகப் பெய்தால் சுற்றுவட்டாரக் கண்மாய்களில் சில மாதம் தண்ணீர் நிற்கும். தோட்டங்களில் கிணறு உண்டு. அவ்வளவுதான் நமக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு. அதனால்தான் பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கும் பேச்சு வந்தால், "ஆறா இருக்கு, கடலா இருக்கு, நமக்கு எதுக்கு?" என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி போலத் தோன்றினாலும், நடந்தவை வேறு மாதிரி சொல்கின்றன. 2023 பிப்ரவரியில் கால்பந்துப் போட்டிக்காகப் போன புதுக்கோட்டை மாவட்டத்து அரசுப் பள்ளி மாணவிகள் 4 பேர், கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் மூழ்கிப் போனார்கள். அவர்களும் காவிரிக் கரைப் பிள்ளைகள் இல்லை. தண்ணீரைத் தினமும் பார்க்காதவர்கள் ஒருநாள் அதைத் தேடிப் போகும்போதுதான் ஆபத்து அதிகம். நம் ஊர்க்காரர்கள் சீசனுக்குக் குற்றாலம் போகிறார்கள், அமாவாசைக்குப் பாபநாசம் போகிறார்கள், திருச்செந்தூர் கடலில் குளிக்கிறார்கள். இந்தியாவில் ஆண்டுதோறும் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகம் முழுக்க ஏறத்தாழ 3 லட்சம் பேர். அவர்களில் பாதிப் பேர் 30 வயதைத் தொடாதவர்கள். வறண்ட ஊர் என்பது நீச்சல் வேண்டாம் என்பதற்குக் காரணம் ஆகாது. பழக இடம் குறைவு என்பதால் நாம்தான் இன்னும் யோசித்துத் திட்டமிட வேண்டியிருக்கிறது.

நமக்கு எட்டும் வழிகளைப் பார்த்தால், தெரிந்தவர் தோட்டத்துக் கிணறு ஒன்று. பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கம் போன்ற அரசு நீச்சல் குளத்தில் கோடை விடுமுறை வகுப்பு ஒன்று. கட்டணம் வாங்கும் தனியார் குளங்களும் பள்ளிக் குளங்களும் ஒன்று. தாமிரபரணிப் படித்துறை ஒன்று. இவற்றை ஒப்பிடும்போது பெரும்பாலும் கட்டணத்தையும் தூரத்தையும் வைத்தே முடிவெடுக்கிறோம். முதலில் பார்க்க வேண்டியது, பழகி முடித்த பிள்ளையால் என்ன செய்ய முடிய வேண்டும் என்பது. அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. ஆளுக்கு மேல் ஆழமுள்ள தண்ணீரில் குதித்து முழுதும் முங்கி மேலே வர வேண்டும். ஒரு நிமிடம் மிதக்கவோ, நிலை நீச்சலில் நிற்கவோ வேண்டும். சுற்றித் திரும்பிப் பார்த்துக் கரையேறும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். 25 கஜம், அதாவது சுமார் 23 மீட்டர், நீந்த வேண்டும். ஏணி இல்லாமல் வெளியே ஏற வேண்டும். ஐந்தையும் ஒரே மூச்சில் அடுத்தடுத்துச் செய்தால்தான் கணக்கு. இந்த ஐந்தில் நீந்துவது ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். நம் நாட்டு வகுப்புகள் பெரும்பாலும் அந்த ஒன்றையே கற்றுக்கொடுக்கின்றன. கிணறு மற்ற நான்கையும் பழக்கிவிடும், ஆனால் பயத்தையும் சேர்த்துப் பழக்கும். ஆகவே கிணறா குளமா என்பதில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை விடுவதைவிட, எது முதலில், எது பிறகு என்று வரிசைப்படுத்துவதே சரி என்பது என் வாதம். தொடக்கம் நெஞ்சளவு தண்ணீரில், முடிவு நிலைக்காத தண்ணீரில்.

கிணற்றை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நம் பகுதிப் பெரியவர்கள் பெரும்பாலும் அங்கேதான் பழகினார்கள். காய்ந்த சுரைக்குடுவையை முதுகில் கட்டி, இல்லாவிட்டால் காலி மண்ணெண்ணெய் டின்னைக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு இறக்கிவிடுவார்கள். நாள் ஆக ஆகக் கட்டைத் தளர்த்திவிடுவார்கள். நல்ல முறைதான், உதவி படிப்படியாகக் குறைவது எந்த நவீனப் பயிற்சியிலும் உள்ள அடிப்படை. ஆழத்தைக் கண்டு மிரளாமல் இருப்பது, முங்கு நீச்சல், உயரத்திலிருந்து குதித்து மேலே வருவது எல்லாம் கிணற்றில் பழகியவருக்குத் தானாக வரும். ஆனால் கிணற்றில் நிற்க இடம் கிடையாது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கல்லில் பாசி பிடித்திருக்கும். கை வழுக்கினால் அடுத்த பிடி எட்டாது. தண்ணீர் பச்சையாகக் கலங்கியிருப்பதால் ஒரு முழத்துக்குக் கீழே போன பிள்ளையைக் கரையில் நிற்பவரால் பார்க்க முடியாது. மோட்டார் குழாயும் கயிறும் உள்ளே தொங்கும். இன்னொன்று, பள்ளி விடுமுறை விடும் சித்திரை, வைகாசியில்தான் கிணற்று நீர் அடிக்குப் போய்விடும். சுவர் உயர்ந்து, ஏறும் வழி நீண்டு, இருக்கிற தண்ணீரில் பாறை எங்கே என்று தெரியாது. போர்வெல் வந்தபிறகு இறைப்பில்லாமல் கிடக்கும் கிணறுகளில் இது இன்னும் மோசம்.

"எங்க காலத்துல தூக்கிக் கிணத்துல போட்டாங்க, ரெண்டு மடக்குத் தண்ணி குடிச்சோம், நீச்சல் வந்துச்சு" என்று சொல்பவர்களை மரியாதையோடு மறுக்க வேண்டியிருக்கிறது. இந்தச் சாட்சியைச் சொல்ல இருப்பவர்கள் கரையேறியவர்கள் மட்டுமே. மூழ்கிய பிள்ளைகள் வந்து எதிர்சாட்சி சொல்வதில்லை. அப்படித் தூக்கிப் போட்டதில் பயந்து, பிறகு ஆயுளுக்கும் தண்ணீர்ப் பக்கமே போகாதவர்களும் இந்தக் கணக்கில் வருவதில்லை. முதல் நாளே மூக்கில் தண்ணீர் ஏறிய பிள்ளைக்கு உடம்பு இறுகிவிடும். இறுகிய உடம்பு மிதக்காது.

அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதில்தான் நீச்சல் குளத்துக்கு ஈடில்லை. கால் ஊன்ற முடியும் என்ற ஒரே காரணத்தால் பிள்ளை துணிந்து தவறு செய்யும், தவறு செய்தால்தான் பழகும். நல்ல பயிற்றுநர் முதல் இரண்டு நாளும் கை காலை அடிக்கவே விடமாட்டார். பிள்ளை சுவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்து, வாயாலும் மூக்காலும் மெதுவாகக் குமிழி விட வேண்டும், தலையை எடுத்து வாயால் மூச்சை இழுக்க வேண்டும், மறுபடி குமிழி. பார்க்க விளையாட்டாக இருக்கும், நீச்சலின் பாதி இதுதான். மூச்சை அடக்கிக்கொண்டு பத்து மீட்டர் பாய்ந்துவிட்டு மூச்சுத் திணறி நிற்கும் பிள்ளைகள் எல்லாம் இந்தப் பாதியைத் தாண்டிக் குதித்தவர்கள். அடுத்து மல்லாக்க மிதப்பது. நுரையீரல் நிறையக் காற்று இருக்கும்போது மனித உடம்பு தண்ணீரைவிடச் சற்றே லேசானது. காது இரண்டும் தண்ணீருக்குள் போக, தாடை வானத்தைப் பார்க்க, நெஞ்சை நிமிர்த்தினால் பயிற்றுநரின் விரல் நுனி முதுகிலிருந்து விலகியது தெரியாமலே பிள்ளை மிதக்கும். தலையைத் தூக்கிக் காலைப் பார்க்க முயன்றால் இடுப்பு உடனே கீழே போய்விடும். இதைச் செய்து பார்த்த பிள்ளைக்குத்தான், களைத்தால் தண்ணீரிலேயே ஓய்வெடுக்கலாம் என்ற நம்பிக்கை வரும். பிறகு சுவரை உதைத்துச் சறுக்குவது, கிக் போர்டு பிடித்துக் கால் அடிப்பது, அதன் பிறகே கை வீச்சு. ஃப்ரீஸ்டைலில் மூச்சுக்காகத் தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பப் பழகுவதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும்.

கோடையில் அரசு குளங்களில் நடக்கும் பத்துப் பன்னிரண்டு நாள் வகுப்பு இந்த இடம்வரை கொண்டுவந்து விட்டாலே நல்ல வகுப்பு. அதற்கு மேல் எதிர்பார்ப்பதுதான் தவறு. பன்னிரண்டாம் நாள் சான்றிதழ் வாங்கிய பிள்ளை, கால் எட்டும் ஆழத்தில் குளத்தின் குறுக்கே நீந்தியிருக்கும். அது நீச்சல் தெரிந்தவர் ஆனதற்குச் சான்று ஆகாது, தொடங்கியதற்குச் சான்று. பெற்றோர் இதைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த மாதமே பாபநாசத்தில் "போய்க் குளிடா, உனக்குத்தான் நீச்சல் தெரியுமே" என்று அனுப்புவதைத்தான் நான் அஞ்சுகிறேன்.

தனியார் குளங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் குளத்தில் பயிற்றுநர் இருக்கிறாரா, அவர் தண்ணீருக்குள் இறங்குகிறாரா, உயிர்காப்பாளர் தனியாக ஒருவர் கரையில் நிற்கிறாரா என்று கேளுங்கள். ஆழமான பக்கத்தில் நின்று பார்த்தால் அடியில் உள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் திரும்பிவிடுங்கள். குளோரின் வாடை மூக்கைத் துளைத்தால் தண்ணீர் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். வியர்வை, சிறுநீரோடு குளோரின் சேர்ந்து உருவாகும் பொருளின் வாடை அது. ஒரு பயிற்றுநரிடம் முப்பது பிள்ளைகள் என்றால் கட்டணம் எவ்வளவு குறைவானாலும் லாபமில்லை. தாமிரபரணியைப் பொறுத்தவரை, அது நீந்தத் தெரிந்தவர் ஓட்டத்தைப் பழகும் இடம். நீச்சல் பழகும் இடமாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்மாயும் அப்படியே. வண்டல் அள்ளிய குழிகள் தண்ணீருக்குக் கீழே எங்கே இருக்கின்றன என்று கரையிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. முழங்காலளவில் நடந்துகொண்டிருக்கும்போதே ஆள் உயரம் வந்துவிடும்.

நீச்சல் தெரிந்தால் பிள்ளைகள் துணிந்து தண்ணீரில் இறங்கி ஆபத்தைத் தேடிக்கொள்வார்கள் என்பது வலுவான ஆட்சேபம், சும்மா தள்ளிவிடக் கூடாது. பதில் வங்கதேசத்தில் இருக்கிறது. அங்கே கிராமத்துக் குளங்களிலேயே மூங்கில் தட்டியும் மேடையும் கட்டி, 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 21 படிகள் கொண்ட ஒரு பாடத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், மூழ்குபவருக்குக் கரையில் இருந்தபடியே கம்போ துணியோ நீட்டத் தெரிய வேண்டும். 2012இல் வெளியான ஆய்வில், பழகிய பிள்ளைகளிடையே நீரில் மூழ்கி இறப்பது, பழகாதவர்களோடு ஒப்பிடப் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. துணிச்சல் கூடியிருந்தால் இப்படிக் குறைந்திருக்காது. மூன்றாவது திறனைக் கவனியுங்கள்: குதிக்காமல் காப்பாற்றுவது. 2022 ஜூன் 5 அன்று கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றின் தடுப்பணை அருகே 7 பேர் ஒரே நாளில் இறந்தார்கள், அத்தனை பேரும் சிறுமிகளும் இளம்பெண்களும். ஒருவர் மூழ்கும்போது கூட இருப்பவர் பாய்ந்து பிடிப்பது மனித இயல்பு. அந்த இயல்பை மாற்றிப் பழக்க வகுப்பில் நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். நீச்சலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துச் சென்றது. அந்த வேகத்தில் எந்த நீச்சலும் உதவாது. வெளியேறுங்கள் என்றால் உடனே வெளியேறுவதுதான் உதவும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நம் ஊர் பின்னோக்கிப் போயிருக்கிறது என்றே நினைக்கிறேன். கிணறு புழக்கத்தில் இருந்தபோது தோட்டத்து வீட்டுப் பெண்களும் நீந்தினார்கள். கிணறு போனது, குளம் அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில். "வயசுக்கு வந்த பிள்ளை, நீச்சல் உடையா" என்ற தயக்கமும் சேர்ந்துகொண்டது. உடலை மூடிய முழுக்கை நீச்சல் உடைகள் கடைகளில் கிடைக்கின்றன, பெண்களுக்குத் தனி நேரமும் பெண் பயிற்றுநரும் உண்டா என்று கேட்டுச் சேர்க்கலாம். பத்து வயதுக்கு முன்பே சேர்த்துவிட்டால் இந்தத் தயக்கத்துக்கே பாதி இடமில்லை. உடையைப் பற்றி வேறொன்றும் உண்டு. நெதர்லாந்தில் பிள்ளைகளின் முதல் நீச்சல் சான்றிதழுக்கே சட்டை, கால்சட்டை, காலணியோடு நீந்திக் காட்ட வேண்டும், ஏனென்றால் அங்கே வாய்க்காலில் தவறி விழும் பிள்ளை நீச்சல் உடையில் விழுவதில்லை. நம் பெண்கள் ஆற்றில் இறங்குவது சுடிதாரோடும் சேலையோடும்தான். மிதக்கவும் நிலை நீச்சலில் நிற்கவும் நன்றாக வந்தபிறகு, பயிற்றுநர் அருகில் இருக்க, ஒருநாள் சுடிதாரோடு செய்து பார்க்க வேண்டும். கனக்கும் துணி காலைச் சுற்றுவதை முதன்முதலாக உணர வேண்டிய இடம் நெஞ்சளவு தண்ணீர்தான்.

செலவும் தூரமும் கடைசி ஆட்சேபம். பாளையங்கோட்டைக்கு ஒருவழிக்கே ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம். தினமும் ஒருவர் கூடப் போக வேண்டும். விசைத்தறி ஓட்டும் வீட்டில் அது ஒருவரின் பாதிக் கூலி. இதை லேசாகச் சொல்லிக் கடக்க முடியாது. நான்கைந்து வீட்டார் சேர்ந்து பெரியவர் ஒருவரை முறை வைத்து அனுப்புவது ஒரு வழி. நெல்லையில் உறவினர் வீடு இருந்தால் அந்த இரண்டு வாரம் பிள்ளையை அங்கே தங்கவைப்பது இன்னொரு வழி. ஏழெட்டு வயதில் ஒரு கோடை, அடுத்த ஆண்டு மறுபடி ஒரு கோடை. இரண்டாவது முறை பிள்ளை பாதி நாளிலேயே பழைய இடத்துக்கு வந்துவிடும், மீதி நாளை ஆழமான பக்கத்துக்குச் செலவிடலாம். முதல் கோடையும் இரண்டாம் கோடையும் முடிந்து, மழை பெய்து, பொங்கல் விடுமுறையில் கிணறு நிரம்பி நிற்கும்போது, நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் தண்ணீரிலும் ஒருவர் கரையிலும் இருக்க, இடுப்பில் கயிறோடும் காற்றடைத்த டியூபோடும் கிணற்றில் இறக்கலாம். முதல் நாள் படியருகே மிதந்தால் போதும். டியூபை எடுப்பது பிள்ளை கேட்கும்போது. கயிற்றை அவிழ்ப்பது, குதித்து, மேலே வந்து, ஒரு நிமிடம் மிதந்து, படியைத் தேடிப் பிடித்து, தானே ஏறிக் காட்டியபிறகு.