மெயில் திறக்காததற்குப் பாஸ்வேர்டு மட்டும் காரணமல்ல

தருமபுரி என்ற ஊர் தமிழ்நாட்டிலும் உண்டு, தெலங்கானாவில் கோதாவரிக் கரையிலும் உண்டு. கடித உறையில் ஊர்ப் பெயரை மட்டும் எழுதினால் குழப்பம்தான். 636701 என்று பின்கோடு போட்டால் கேள்வியே எழாது. மின்னஞ்சலில் @ குறிக்குப் பின்னால் வரும் டொமைன் செய்வதும் அந்த வேலையைத்தான். லாகின் செய்யும்போது பலர் விட்டுவிடுவதும் அதைத்தான்.

“முன்பாதியைப் போட்டால் போதும், மீதி சர்வருக்கே தெரியும்” என்பது முதல் நம்பிக்கை. பாலக்கோட்டில் ஒரு தக்காளி வியாபாரியும் பென்னாகரத்தில் ஒரு பள்ளியும் ஒரே ஹோஸ்டிங் சர்வரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ‘ஆபீஸ்’ என்ற பெயரில் முகவரி. மெயிலைப் படிக்க உதவும் ஐமேப் முறையின் லாகின் கட்டளையில் போவது இரண்டே விவரம்: பயனர் பெயர், பாஸ்வேர்டு. டொமைனுக்கென்று தனி இடம் கிடையாது. செட்டிங்கில் சர்வர் பெயரோடு டொமைனும் கொடுத்தோமே என்பார்கள். அந்தப் பெயர் சர்வரின் ஐபி எண்ணைக் கண்டுபிடிக்கத்தான். ஒரே எண்ணில் நூறு டொமைன்கள் இருக்கலாம். டவ்காட் போன்ற மெயில் சர்வர் மென்பொருளில், டொமைன் இல்லாமல் வரும் பெயரோடு ஒரு டொமைனைத் தானே ஒட்டிக்கொள்ளும் வசதி உண்டு. ஆனால் ஒட்டுவது எல்லாருக்கும் ஒரே டொமைன். அது பள்ளியுடையது என்றால், வியாபாரியின் பாஸ்வேர்டைப் பள்ளியின் கணக்கோடு ஒப்பிட்டுவிட்டு சர்வர் மறுத்துவிடும்.

இதிலிருந்துதான் அடுத்த தவறு பிறக்கிறது. திரையில் லாகின் தோல்வி என்று வந்ததும் பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள், மறுபடி மாற்றுகிறார்கள். அப்படியொரு கணக்கே இல்லை என்றாலும், கணக்கு இருந்து பாஸ்வேர்டு தப்பு என்றாலும் சர்வர் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். எந்தெந்தக் கணக்கு இருக்கிறது என்று வெளியார் துழாவக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பயனர் பெயரை. முழு முகவரியையும் போட்டுப் பாருங்கள். எத்தனையோ பேருக்கு அத்தோடு சரியாகிவிடும்.

“டொமைன் வேறு என்றால் பெட்டியும் வேறு” என்பதையும் அப்படியே நம்ப முடியாது. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் இரண்டு டொமைன்களையும் சர்வரின் சொந்த டொமைன் பட்டியலில் சேர்த்துவிட்டால், இரண்டு ‘ஆபீஸ்’ முகவரிக்கும் வரும் கடிதங்கள் ஒரே பயனரின் பெட்டியில் விழும். பள்ளிக்கு வரும் சேர்க்கை விண்ணப்பம் தக்காளி வியாபாரி கண்ணில் படும். மெய்நிகர் டொமைன்களாக அமைத்து, முழு முகவரிக்கு ஒரு பெட்டி என்று பிரித்தால்தான் தனித்தனி. ஹோஸ்டிங் எடுப்பவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டவே கூடாது.

பெயருக்கு நடுவே புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒன்றுதான் என்பது ஜிமெயில் பழக்கிவிட்ட நம்பிக்கை. ஜிமெயில்.காம் முகவரிக்கு அது உண்மை. அதே கூகுள் நிறுவனத்தில் பள்ளியோ அலுவலகமோ சொந்த டொமைன் வைத்திருந்தால், புள்ளி மாறினால் முகவரியும் மாறிவிடும். முன்பாதிக்கு என்ன பொருள் என்று தீர்மானிக்கும் உரிமை அதைப் பெறும் டொமைனுக்கு மட்டுமே. மெயில் அனுப்பும் முறைக்காக 2008-இல் வெளியான எஸ்எம்டிபி விதியும் அப்படித்தான் சொல்கிறது.

சர்வரை நடத்தும் நிறுவனம் மாறினால் முகவரி போய்விடும் என்று அஞ்சுபவர்கள் மத்திய அரசைப் பார்க்கலாம். சுமார் 12 லட்சம் அரசு ஊழியர்களின் மெயில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் தளத்துக்கு மாறியதாக 2025-இல் செய்தி வந்தது. நிக்.இன், கவ்.இன் என்ற டொமைன்கள் அப்படியே தொடர்கின்றன.

தருமபுரி கலெக்டரின் முகவரி பதவிப் பெயரின் சுருக்கத்தையும் மாவட்டத்தின் சுருக்கத்தையும் சேர்த்து நிக்.இன் டொமைனில் அமைந்தது. அது ஆளுக்கு உரியதல்ல. அதிகாரி மாற்றலாகிப் போகும்போது பதவி முகவரியை அடுத்து வருபவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது மத்திய அரசின் மின்னஞ்சல் கொள்கை. சிட்டா கேட்டு அலையும் ஒரு விவசாயி போன வருடம் மனு அனுப்பிய அதே முகவரிக்கு இன்றும் நினைவூட்டல் அனுப்ப முடிவது இதனால்தான்.